"நான் செய்யவில்லை!"

பொற்கொல்லன் நிற்கிறான். செம்பு வார்ப்பவன் நிற்கிறான். மரம் இழைப்பவனும், மணி பதிப்பவனும் உடன் நிற்கின்றனர். எதிரே, பல திங்கள் பாடுபட்டு அவர்கள் உருவாக்கிய பதுமை வீற்றிருக்கிறது. புரோகிதன் வருகிறான். அந்தக் கைவினைஞரின் கைகளைச் சிவப்புத் துணியால் கட்டுகிறான். மரத்தாலான கத்தி ஒன்றை எடுத்து, அக்கைகளை வெட்டி எறிவதுபோலப் பாவனை செய்கிறான். பிறகு ஒவ்வொருவனும் சத்தியம் செய்யவேண்டும். இந்தப் பதுமையை நான் செய்யவில்லை, என் தொழிலுக்குரிய கடவுளே செய்தார் என்று.

கற்பனையாகத் தீட்டிய காட்சியன்று இது. 'வாய் கழுவுதல்' என்பது இச்சடங்கின் பெயர். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசின் தலைநகராயிருந்த நினிவேயில் கிடைத்த களிமண் ஏடுகளிலே, இந்தச் சடங்கை எப்படி நடத்தவேண்டும் என்ற விவரம் படிப்படியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பாபிலோனிலும் அதன் படிகள் கிடைத்துள்ளன. கிறிஸ்டபர் வாக்கர், மைக்கேல் டிக் என்னும் இரு அறிஞர்கள் அவற்றைத் தொகுத்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஏன் இந்தப் பொய்ச் சத்தியம்? செய்தவன் கண்ணெதிரே நிற்கிறான். அவன் கைக்காப்பு இன்னும் ஆறவில்லை. உலைப்புகை இன்னும் அவன் உடலை விட்டுப் போகவில்லை. அவன் வாயாலேயே 'நான் செய்யவில்லை' என்று சொல்லவைக்க வேண்டிய தேவை என்ன? யாருக்குத் தேவை?

விடை காண, அந்த ஏடுகளுக்கும் ஏறத்தாழ 2500 ஆண்டுகள் முந்திய காலத்துக்கு நாம் செல்லவேண்டும். மனிதன் கல்லாயுதத்தை மெல்ல மெல்லக் கைவிட்டு, செம்பையும் வெண்கலத்தையும் கையில் ஏந்திய காலத்துக்கு.

களிமண் நாட்டில் வெண்கலம்

தைகிரிஸ், யூப்ரடீஸ் என்னும் இரு பேராறுகளுக்கு இடையே, இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்தது சுமேரியா. ஆற்று வண்டல் அந்நாட்டின் செல்வம். வாற்கோதுமை விளைந்தது, பேரீச்சை காய்த்தது, ஆடு மாடு பெருகிற்று. ஆனால் கல் இல்லை, கட்டடத்துக்கு ஏற்ற மரம் இல்லை, உலோகம் ஒரு துளியும் இல்லை. மண்ணே செங்கல்லாயிற்று, மண்ணே ஏடாயிற்று.

அத்தகைய நாடு வெண்கல நாகரிகத்தின் முன்னணியில் நின்றது எவ்வாறு? செம்பு, மகன் என்று அவர்கள் அழைத்த இன்றைய ஓமான் பகுதியிலிருந்து கடல்வழி வந்தது. தில்முன் என்ற பஹ்ரைன் தீவு இடைநிலைச் சந்தையாக விளங்கிற்று. வெள்ளீயமோ கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள மலைநாடுகளிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. செம்பு உருக 1085 பாகை வெப்பம் வேண்டும். ஒன்பது பங்கு செம்போடு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். ஆறியபின் செம்பினும் உறுதியாக நிற்கும். இந்த உண்மையைக் கண்டவன் எந்தக் கடவுளிடமும் வரம் பெற்றவனல்லன்; தலைமுறை தலைமுறையாக உலையடியில் வெந்தவன்.

தனி உழவன் ஒருவனால் இத்தொழிலை நடத்த முடியாது. கப்பல் வேண்டும், வணிகன் வேண்டும், மாற்றுப் பண்டமாகக் கம்பளியும் தானியமும் வேண்டும். வயலில் இறங்காத கொல்லனுக்கு யாரோ விளைத்த தானியத்தை அளக்கவேண்டும். எனவே பெருங்களஞ்சியம் வேண்டும். அந்தக் களஞ்சியம் எங்கே இருந்தது? கோயிலில்!

ஊருக் நகரத்தை நோக்குங்கள். கி.மு. 3300 அளவில் அங்கே எழுத்துப் பிறந்தது. பிறந்த எழுத்து முதன்முதல் எழுதியது துதிப்பாடலா? தத்துவமா? இரண்டும் அல்ல, கணக்கு! இத்தனை அளவு வாற்கோதுமை, இத்தனை குடம் பீர், இத்தனை ஆடு, இத்தனை ஆள் என்ற கணக்கு. மிகப் பழைய ஏடுகளில் பெரும்பகுதி இதுவே. எஞ்சியவற்றில் சொற்பட்டியல்கள் உண்டு; அவற்றுள் உலோகப் பொருள்களின் பட்டியலும் ஒன்று. 'உண்' என்பதற்கு அவர்கள் வரைந்த குறி என்ன தெரியுமா? ஒரு மனிதத் தலை, அதன் அருகே ஒரு கிண்ணம். விளிம்பு சரிந்த அத்தகைய முரட்டு மண்கிண்ணங்கள் அந்த மண்மேடுகளில் ஆயிரமாயிரமாகக் கிடைக்கின்றன. உழைப்பாளருக்குப் படி அளந்த கிண்ணங்கள் அவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நாகரிகத்தின் தொட்டிலிலே தேடினால் கிடைப்பது கூலிக்கிண்ணம்! இதை நாம் மறக்கலாகாது.

தொழிலுக்கு ஒரு கடவுள்

அந்நாட்டில் ஊர்தோறும் ஒரு கடவுள் 'உரிமையாளராக' வீற்றிருந்தார். எரிதுவுக்கு என்கி, நிப்பூருக்கு என்லில், ஊருக்கில் இனன்னா, லார்சாவில் கதிரவனாகிய உத்து, ஊர் என்னும் நகருக்குத் திங்களாகிய நன்னா. ('ஊர்' என்ற பெயரைக் கேட்டதும் நம் இளைஞர்கள் துள்ளக்கூடும். பொறுமை! ஒலி ஒத்திருப்பது ஒன்றையே கொண்டு உறவு கொண்டாடுவது ஆராய்ச்சியாகாது. புராணிகர் செய்யும் பிழையை நாமும் செய்யவேண்டுமா?)

ஊருக்கொரு கடவுள் போதவில்லை, தொழிலுக்கொரு கடவுளும் தோன்றினார். தானியத்துக்கும் பின்னர் எழுத்துக்கும் நிசபா, பீர் காய்ச்சுவதற்கு நின்காசி, செங்கல்லுக்குக் குல்லா, ஆட்டு மந்தைக்குத் துமூசி, நெருப்புக்குக் கிபில், கொல்லனுக்கு நினகல், பொற்கொல்லனுக்குக் குசிபண்டா, தச்சனுக்கு நினில்து! உழைப்பு எத்தனை கிளையாகப் பிரிந்ததோ, அத்தனை கடவுளர் முளைத்தனர். கி.மு. 2600 அளவில் சுருப்பக் நகரத்து எழுத்தர்கள் கடவுளர் பட்டியல் ஒன்றை எழுதினர். அதில் 500க்கு மேற்பட்ட பெயர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் தொகுக்கப்பட்ட மற்றொரு பட்டியலில் ஏறத்தாழ 2000 பெயர்கள். அதில் பெருந்தெய்வங்களுக்கு மனைவி மக்கள் உண்டு. அமைச்சர் உண்டு, சமையற்காரர் உண்டு, வாயிற்காவலரும் உண்டு! மண்ணிலே அரண்மனை எப்படியோ, விண்ணிலும் அப்படியே. அரண்மனையைப் பார்த்துத்தான் ஆகாயம் எழுதப்பட்டது.

அந்த மக்களை நாம் எள்ளி நகையாடவில்லை. அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எகிப்தின் நைல் ஆறு விதைப்புக்கு முன் பெருகி, வயலை நனைத்து, வண்டலைத் தந்து செல்லும். தைகிரிசும் யூப்ரடீசுமோ மலைப்பனி உருகும் வசந்தத்தில், கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் நேரத்தில் பெருகின. ஓராண்டு உழைப்பை ஓரிரவு வெள்ளம் கொண்டுபோகும். வெள்ளத்துக்குக் காரணம் தெரியாதவன் வெள்ளத்துக்கு முகம் கற்பித்தான், பெயர் வைத்தான், கெஞ்சினான். பச்சைக்கல் நெருப்பில் செந்நீராய் உருகி, அச்சில் கோடரியாய் எழுந்ததைக் கண்டவன் வியந்தான். வியப்புக்கும் ஒரு பெயர் வைத்தான். அறியாமை குற்றமன்று. பிறரின் அறியாமையை முதலாகப் போட்டு வாணிகம் நடத்துவதே குற்றம்.

கடவுளர் செய்த வேலைநிறுத்தம்

அந்த வாணிகத்துக்கு ஒரு தத்துவம் வேண்டுமல்லவா? கி.மு. 17ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட அத்ராகாசிஸ் காவியம் அதைத் தருகிறது. கதை சுவையானது.

மனிதன் தோன்றாத காலம். கடவுளரில் உயர்ந்தோர் ஆண்டனர், தாழ்ந்தோர் கால்வாய் வெட்டினர். ஆண்டு பல வெட்டினர், அலுத்தனர், முணுமுணுத்தனர். ஒருநாள் மண்வெட்டியையும் கூடையையும் தீயிலிட்டுக் கொளுத்திவிட்டு, நள்ளிரவில் என்லிலின் மாளிகையை வளைத்துக்கொண்டனர். என்லில் நடுங்கினான். தூண்டியவன் யார் என்று கேட்டபோது, தாங்கள் ஒவ்வொருவருமே போர் தொடுத்தோம் என்றனர். தலைவனைக் காட்டிக்கொடுக்கவில்லை! முடிவில் ஒரு கடவுளைப் பலியிட்டு, அவன் குருதியைக் களிமண்ணில் குழைத்து மனிதனைப் படைத்தனர். எதற்கு? கடவுளர் சுமந்த கூடையை இனி மனிதன் சுமப்பதற்கு.

தோழர்களே, இக்கதையை இருமுறை படிக்கவேண்டும். முதல்முறை படித்தால், 'நீ பிறந்ததே உழைக்க. கோயிலுக்கு உழைப்பதே உன் பிறவிப்பயன்' என்ற பாடம் தெரியும். களஞ்சியத்தின் சாவியை வைத்திருந்தோருக்கு அப்பாடம் எத்துணை இனித்திருக்கும்! இரண்டாம் முறை படித்தால் வேறொன்று தெரியும். கருவியைக் கொளுத்துவது, மாளிகையை வளைப்பது, தலைவனைக் காட்டிக்கொடுக்க மறுப்பது, இவையெல்லாம் கவிஞனுக்கு எப்படித் தெரிந்தன? விண்ணில் கண்டானா? மண்ணில், கால்வாய்க் கரையிலே கண்டிருப்பான்! உழைப்பாளியின் கோபத்தைக்கூடக் கடவுளுக்கே உரிமையாக்கிவிட்டு, உழைப்பை மட்டும் மனிதனுக்கு மிச்சம் வைத்தது அந்தக் காவியம்.

சாவுக்கும் வரி

ஊர் நகரத்தை 1922 முதல் 1934 வரை லியோனார்டு உல்லி என்னும் ஆங்கில அறிஞர் அகழ்ந்தார். கி.மு. 2600-2500 காலத்துப் பெருங்கல்லறைகள் வெளிப்பட்டன. பொன்முடி, நீலமணி, வெள்ளி யாழ், வெண்கல ஆயுதம் என்று உலகமே வியந்த கலைச்செல்வம்! ஆனால் ஒரே குழியில் 74 உடல்கள் கிடந்தன. அவற்றுள் 68 பெண்கள். ஆண்டானோடு உடன்போக அவர்கள் நஞ்சருந்தி அமைதியாய் உறங்கிவிட்டனர் என்று உல்லி கருதினார். 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அக்கல்லறைகளிலிருந்து எடுத்த இரு மண்டையோடுகளை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்தது. கூரிய ஆயுதத்தால் ஓங்கி அடித்துக் கொன்ற தடயம் தெரிந்தது. நான்காயிரத்தைந்நூறு ஆண்டுகளாக மறைந்திருந்த உண்மை வெளிவர, அறிவியல் தேவைப்பட்டது.

இறந்தவனைப் புதைக்கக்கூடக் கட்டணம் இருந்தது. லகாஷ் நாட்டு மன்னன் உருகாகினா, கி.மு. 2350 அளவில், தான் செய்த சீர்திருத்தங்களைக் களிமண் கூம்புகளில் பொறித்து வைத்தான். அதற்குமுன் ஓர் உடலைப் புதைக்க 7 குடம் பீரும் 420 ரொட்டியும், அவற்றோடு தானியமும் ஆடையும் ஆடும் கட்டிலும் பிடுங்கினார்களாம். அவன் அதை 3 குடம் பீர், 80 ரொட்டி என்று குறைத்தானாம். ஏழைத்தாயின் தோட்டத்துள் கோயில் அதிகாரி புகுந்து மரத்தையும் கனியையும் கொள்ளையிட்டதையும் அக்கூம்பு சொல்லுகிறது. 'விடுதலை' என்ற பொருள்படும் 'அமர்கி' என்னும் சொல்லும் அதிலே வருகிறது. 'தாயிடம் திரும்புதல்' என்பது அதன் நேர்ப்பொருள்.

உருகாகினாவை நாம் பகுத்தறிவாளன் என்று பாராட்டிவிட முடியாது. கட்டணத்தைக் குறைத்தானே ஒழிய ஒழிக்கவில்லை. ஆளுவோர் கைப்பற்றியிருந்த நிலங்களைக் கடவுளின் பெயருக்கு மாற்றினான். அந்நிலங்களை மேற்பார்த்தவளோ அவன் மனைவியே! ஆனாலும், கோயில் அதிகாரியின் கொள்ளையை அரசாணையிலே எழுதிவைத்தானே, அந்த ஒன்றுக்காக வரலாறு அவனை நினைக்கும்.

சில ஆண்டுகளில் உம்மா நாட்டு லுகல்சகேசி படையெடுத்தான். லகாஷின் கோயில்கள் எரிந்தன; வெள்ளியும் நீலமணியும் கொள்ளை போயின. அந்தத் துயரத்தை எழுதிய ஓர் எழுத்தன், எரிந்த கோயில்களை ஒவ்வொன்றாகக் குறித்துவிட்டு, இப்பாவத்தை லுகல்சகேசி வழிபடும் நிசபாவே சுமக்கட்டும் என்று முடித்தான். தன் கடவுள் ஏன் தன் கோயிலைக் காக்கவில்லை என்ற கேள்வி அவன் நெஞ்சில் எழவில்லையா? எழுந்திருந்தாலும் எழுதும் துணிவு வரவில்லை.

வாளேறினால் கடவுளும் ஏறுவார்

பல கடவுளர் இருந்தால் பதவி உயர்வும் இருக்கும் அல்லவா? பாபிலோன் சிற்றூராய் இருந்தவரை அதன் கடவுள் மர்தூக்கும் சிறியவரே. அமுராபி (கி.மு. 1792-1750) பாபிலோனைப் பேரரசாக்கினான். விண்ணுலகத் தலைவர்களே மர்தூக்குக்கு மக்கள்மேல் ஆட்சியைத் தந்தனர் என்று தன் சட்டக்கல்லின் முகப்பில் பொறித்தான். பிற்காலப் படைப்புக்காவியம் அவருக்கு 50 பெயர்களைச் சூட்டிக் கடவுளர்க்கெல்லாம் அரசராக்கிற்று. அசீரிய மன்னன் செனகெரிபு கி.மு. 689இல் பாபிலோனை அழித்தான். அசீரியர் அதே காவியத்தைப் படியெடுத்தபோது, மர்தூக்கின் இடத்தில் தங்கள் கடவுள் அசூரின் பெயரைப் போட்டுக்கொண்டனர்! உலகைப் படைத்தவர் யார் என்பதை, படை வென்றவர் யார் என்பது முடிவு செய்தது.

போரில் தோற்ற நாட்டின் கடவுட்பதுமைகள் சிறைபிடிக்கப்பட்டன. மர்தூக்கின் பதுமையே பகைவர் நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. பூசாரிகள் என்ன விளக்கம் தந்தனர்? அவர் சிறைப்படவில்லை, தம் விருப்பத்தால் வெளிநாட்டுப் பயணம் சென்றுவந்தார் என்று மர்தூக்கே சொல்வதுபோல ஓர் ஏட்டை எழுதினர். தோல்வியைத் திருவிளையாடலாக்கும் கலை அவ்வளவு பழையது!

உலோகத்துக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைச் சைப்ரஸ் தீவு இன்னும் வெளிப்படையாகவே காட்டுகிறது. செம்புக்குப் பெயர்போன தீவு அது. என்கோமி என்னும் இடத்தில் 1963இல் கிடைத்த கி.மு. 12ஆம் நூற்றாண்டு வெண்கலக் கடவுள், கையில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி, வணிகத்துக்கு வார்க்கும் செம்புப்பாளத்தின் வடிவமுடைய பீடத்தின்மேல் நிற்கிறார். அத்தீவின் கிட்டியன் நகரத்தில் செம்பு உருக்கும் பட்டறைகள் கோயிலை ஒட்டியே இருந்தன. காலடியில் செம்பு, கையில் ஈட்டி: செல்வத்தின் காவற்காரரைத்தான் மக்கள் கடவுள் என்று தொழுதனர்.

வேறுவகை நாகரிகம் ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. அக்காது மன்னன் சார்கோன், மெலுக்கா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாகப் பெருமை பேசினான். மெலுக்கா என்பது சிந்துவெளியே என்பர் அறிஞர் பலர். சிந்துவெளியின் செம்மணிகள் ஊர் நகரத்துக் கல்லறைகளில் கிடைத்தன. அந்தச் சிந்துவெளியும் வெண்கலம் வார்த்தது. 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த நாட்டியமங்கையின் சிற்றுருவே சான்று. ஆனால் சுமேரியாவின் அடுக்குக் கோபுரம் போன்ற ஒரு கோயில் அங்கே இதுவரை அடையாளம் காணப்படவில்லை. அகலமான தெருவும் கழிவுநீர்க் கால்வாயும் குளியற்குளமுமே அதன் பெருமை. அதன் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. எனவே அளவுமீறி முடிவுகட்ட வேண்டாம். எனினும், வெண்கலம் வந்த இடத்திலெல்லாம் கோயிற்கோபுரம் வானளாவ எழுந்தே தீரவேண்டும் என்ற விதி இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

கைகளின் கதை

ஊர் நகரத்தின் பெருங்கோபுரத்தை எழுப்பியவன் ஊர்நம்மு மன்னன், காலம் கி.மு. 2100 அளவு. அவன் கட்டிய கட்டடங்களின் செங்கற்களில் அவன் பெயர் முத்திரையாய்ப் பதிந்திருக்கிறது. அறுத்தவன் பெயர் இல்லை. சுமந்தவன் பெயர் இல்லை. வேடிக்கை அதோடு நிற்கவில்லை. கோயில்களின் அடித்தளத்தில் அவன் புதைத்த செம்புருவங்களில், மண்கூடையைத் தலையில் சுமந்து மன்னனே நிற்கிறான்! கூடை சுமக்காதவனுக்குக் கூடை சுமந்த புகழ்! சுமந்தவனுக்கோ ஒரு கிண்ணம் வாற்கோதுமை!

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். கைகள் கட்டப்பட்ட கொல்லன் சத்தியம் செய்கிறானே, யார் செய்ததாகச் சொல்லுகிறான்? நினகல் செய்ததாக. 'நினகல்' என்ற பெயரின் பொருள் என்ன தெரியுமா? 'வலிய கரத்தோன்' என்பதே!

எண்ணிப் பாருங்கள். கொல்லனின் வலிய கரத்தைக் கண்டு வியந்த மனிதன், அந்தக் கரத்துக்கே ஒரு பெயர் வைத்துக் கடவுளாக்கினான். பிறகு அந்தக் கடவுளைக் காட்டி, கொல்லனின் கரத்தையே வெட்டுவதுபோல் நடித்து, 'உன் கரம் செய்யவில்லை. வலிய கரத்தோன் செய்தான்' என்று சொல்லவைத்தான்! தன் கையே தனக்கு அயலாயிற்று. தன் ஆற்றலே தன் ஆண்டானாயிற்று. சடங்கு அத்தோடும் முடியவில்லை. பதுமை செய்த கோடரி, உளி, இரம்பம் ஆகியவற்றை ஓர் ஆட்டின் தொடைக்குள் வைத்துக் கட்டி ஆற்றிலே விட்டுவிட வேண்டும் என்கிறது ஏடு. குற்றவாளிதானே தடயத்தை ஆற்றில் எறிவான்?

ஏன் இந்தத் தேவை என்று கேட்டோம். கொல்லன் செய்தது என்று ஒப்புக்கொண்டால், கொல்லனால் உடைக்கவும் முடியும் என்றாகும். மனிதன் செய்த கடவுளின் பெயரால் நிலம் கேட்க முடியாது; தானியம் கேட்க முடியாது; இறந்தவன் வீட்டில் 420 ரொட்டி கேட்க முடியாது. மொத்தக் களஞ்சியமும் அந்த ஒரு பொய்யின்மேல் நின்றது. அதனால்தான் அந்த ஒரு வாக்குமூலம் அத்தனை தேவைப்பட்டது.

நம் நாட்டிலும் சிலை வடிப்பவன் உளியால் கண்ணைத் திறக்கிறான். திறந்தபின் கருவறையில் அவனுக்கு இடம் எங்கே? இதை நாம் விளக்கவேண்டியதில்லை, இளைஞர்கள் அறிவார்கள்.

மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும்போது 'கோபுரத்தைக் கட்டியவர் யார்?' என்று நாம் வினவுவதுண்டு. 'ஊர்நம்மு' என்று எழுதினால் முழு மதிப்பெண் தருகிறோம். அந்த விடை சரியா? தேர்வுக்குச் சரி, உண்மைக்குச் சரியா? செங்கல் அறுத்தவனை, செம்பு வார்த்தவனை, கப்பல் வலித்தவனை, 74 பேரில் ஒருத்தியாய்க் குழியில் கிடந்தவளை எந்த விடைத்தாளில் எழுதப்போகிறோம்?

சுமேரியாவின் கடவுளர் இரண்டாயிரவரும் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றனர். படையல் இல்லை, பலி இல்லை, பூசாரியும் இல்லை. என்லிலுக்கு அஞ்சி எவனும் இன்று உறக்கம் இழப்பதில்லை. ஆனால் அந்தக் கொல்லன் கண்ட வெண்கலம் இன்றும் உலகெங்கும் ஓசை எழுப்புகிறது. கணக்கன் கண்ட எழுத்தின் வழிவந்த வித்தையால்தான் நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடவுளர் மறைந்தனர், கைகள் செய்தது நின்றது.

அந்தக் கைகளின் கட்டை அவிழ்ப்பதுதான் வரலாறு படிப்போரின் கடன். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கொல்லன் சொல்ல முடியாமல் விழுங்கிய சொல்லை, அவனுக்காக இன்று நாம் உரக்கச் சொல்லுவோம்: 'செய்தவன் அவனே!'